பூமி சுழலும்போது காற்று ஏன் பின்தங்கிவிடுவதில்லை?

ஹட்டனை அடுத்த தோட்டமொன்றிலிருந்து, உயர்தரத்தில் பௌதிகவியல் பயிலும் மாணவி ஒருவர் மூன்று கேள்விகளை ஒன்றாகக் கோத்து அனுப்பியிருக்கிறார். பூமி மணிக்கு ஆயிரத்து அறுநூறு கிலோமீற்றருக்கும் அதிகமான கதியில் கிழக்கு நோக்கிச் சுழல்கிறது. காற்றோ நிலத்தோடு ஆணியடித்து வைத்த பொருள் அல்ல. அப்படியிருக்க, நிலம் நம்மைச் சுமந்துகொண்டு கிழக்கே ஓடும்போது காற்று பின்தங்கி, கிழக்கிலிருந்து வீசும் ஓயாத கீழ்க்காற்றாக நம் முகத்தில் அறைய வேண்டாமா என்பது முதற் கேள்வி. புவியீர்ப்புத்தான் காற்றையும் இழுத்துக்கொண்டு சுழல்கிறது என்று பலரும் சொல்கிறார்களே, அது சரியா என்பது இரண்டாவது. எவ்வளவு உயரம் போனால் காற்று பூமியோடு சுற்றுவதை விட்டுவிடும் என்பது மூன்றாவது.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளிமண்டலத்தைப் பூமியோடு சேர்த்துச் சுழற்றுவதற்கென்று எந்த விசையும் ஓயாமல் உழைக்க வேண்டியதில்லை. அது தோன்றிய நாள்தொட்டுச் சுழன்றுகொண்டுதான் இருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்துவதற்கு வெளியே எதுவும் இல்லை. சூரிய வெப்பம் அதைக் கலக்கி, நிலத்தின் கதியிலிருந்து சற்றே விலகச் செய்கிறது. நிலத்தோடு அதற்குள்ள உராய்வு அந்த விலகலைக் குறைத்துக்கொண்டே வருகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் எஞ்சி நிற்கும் சிறு மிச்சத்தைத்தான் காற்று வீசுகிறது என்கிறோம்.

அந்த மிச்சம் எவ்வளவு சிறியது என்பதை எண்களில் பார்த்துவிடுவது நல்லது. மலையகம் வடக்கு 7 பாகை அகலக்கோட்டை ஒட்டி அமைந்திருக்கிறது. மத்திய கோட்டில் நிலத்தின் சுழற்சிக் கதி செக்கனுக்கு 465 மீற்றர். நமது அகலக்கோட்டில் அது 462 மீற்றர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 1,660 கிலோமீற்றர். காற்றில் ஒலி செல்லும் கதி செக்கனுக்கு 340 மீற்றர்தான் என்பதால், மாணவி கற்பனை செய்யும் கீழ்க்காற்று ஒலியையும் முந்திச் செல்லும் காற்று. காற்று முட்டும் இடத்தில் ஏற்படும் அமுக்கம் அதன் கதியின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது. இந்தக் கதியில் அது சாதாரண வளிமண்டல அமுக்கத்தையே விஞ்சிவிடும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியின் காற்றுக்கூட இதில் ஆறில் ஒரு பங்கை எட்டவில்லை. அப்படியொரு காற்று நாள் முழுதும் அடித்தால் தேயிலைச் செடி என்ன, அது வேரூன்றி நிற்கும் மண்ணே மலையில் மிஞ்சாது. மலையில் மண் இருக்கிறது என்பதே, காற்று ஏறத்தாழ முழுவதுமாக நிலத்தின் கதியில்தான் ஓடுகிறது என்பதற்குப் போதிய சான்று.

கேள்விக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: காற்றின் இயல்பான நிலை அசையாமல் நிற்பது, அதை யாரேனும் தள்ளினால்தான் அது சுழலும் என்பது அந்த அனுமானம். ஓடும் பொருள் தடுக்கப்படும் வரை ஓடிக்கொண்டே இருக்கும் என்ற சடத்துவ விதியைத் தேர்வுக்காக மனனம் செய்த பிறகும் இந்த எண்ணம் நம்மை விட்டுப் போவதில்லை. தேயிலைத் தொழிற்சாலையின் புகைபோக்கியிலிருந்து வெளியேறும் புகையைப் பாருங்கள். அடுப்புக்குள் எரிந்த விறகும், அதற்குள் புகுந்த காற்றும், அந்தப் புகைபோக்கியும் ஏற்கெனவே கிழக்கு நோக்கிச் செக்கனுக்கு 462 மீற்றர் ஓடிக்கொண்டிருந்தவை. ஆகவே புகை வெளியேறும் கணத்திலேயே அந்தக் கதியைச் சுமந்துகொண்டுதான் வெளியேறுகிறது. யாரும் அதைப் புதிதாகத் தள்ள வேண்டியதில்லை. வளிமண்டலத்தின் வரலாறும் இதுவே. இன்று நாம் சுவாசிக்கும் காற்றின் பெரும்பகுதி, எரிமலைகளின் வழியாகவும் பாறைகளின் வெடிப்புகளின் வழியாகவும் பூமியின் உள்ளிருந்து கசிந்த வாயுக்களிலிருந்து வந்தது. ஒட்சிசன் பின்னாளில் உயிர்களின் ஒளித்தொகுப்பால் சேர்ந்தது. அவை அனைத்தும் சுழலும் பூமியிலிருந்து பிறந்தபடியால் பூமியின் சுழற்சியோடுதான் பிறந்தன. அதற்கு அப்பாலுள்ள விண்வெளியோ ஏறத்தாழ வெற்றிடம். காற்றின் மேல்முனையைப் பற்றிப் பின்னுக்கு இழுக்க அங்கே எந்தப் பொருளும் இல்லை.

இப்போது புவியீர்ப்புக்கு வருவோம். புவியீர்ப்பு இல்லையென்றால் நமக்கு வளிமண்டலமே இல்லை என்பது உண்மை. காற்று நேர்கோட்டில் பறந்து போகாமல் வட்டத்தில் செல்வதற்கு வேண்டிய மையநோக்கு விசையைத் தருவதும் அதுவே. மத்திய கோட்டில் அதற்குத் தேவைப்படும் ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 0.034 மீற்றர் மட்டுமே, புவியீர்ப்பின் 9.8 மீற்றரோடு ஒப்பிட்டால் முந்நூறில் ஒரு பங்கு அளவு. ஆனால் புவியீர்ப்பு கீழ்நோக்கித்தான் இழுக்கிறது, கிழக்கு நோக்கி இழுப்பதில்லை. பூமி சுழன்றாலும் சுழலாவிட்டாலும் அதன் ஈர்ப்பு அப்படியேதான் இருக்கும். மையத்தை நோக்கிய விசை ஒரு பொருளின் கோண உந்தத்தை, அதாவது திணிவும் கதியும் அச்சிலிருந்துள்ள தூரமும் சேர்ந்த சுழற்சி அளவை, கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஆகவே "புவியீர்ப்பு காற்றை இழுத்துக்கொண்டு சுழல்கிறது" என்ற விடைக்குப் புள்ளி வழங்க நான் தயங்குவேன். காற்றை இங்கேயே வைத்திருப்பது ஈர்ப்பு. அதைச் சுழற்சியில் நிலத்தோடு ஒத்துப்போக வைப்பது உராய்வு. இரண்டையும் கலக்கக் கூடாது.

உராய்வு என்ற சொல்லைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் உண்மையான பௌதிகவியல் அங்கேதான் இருக்கிறது. ஒரு பேச்சுக்கு, இன்று நள்ளிரவில் வளிமண்டலம் முழுவதும் சட்டென்று சுழற்சியை இழந்து நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நிலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் மிக மெல்லிய படை, அதன் மூலக்கூறுகள் நிலத்தில் மோதி மோதி, உடனடியாக நிலத்தின் கதியைப் பெற்றுவிடும். அந்தப் படை தனக்கு மேலுள்ள படையை இழுக்கும், அது அதற்கு மேலுள்ளதை. இவ்வாறு படைக்குப் படை உந்தம் கைமாறுவதைத்தான் பிசுக்குமை என்கிறோம். சுழலும் மேசைமீது வைத்த சட்டித் தண்ணீரில் தேயிலைத் தூளைத் தூவிப் பார்த்தால், முதலில் விளிம்போரத் தூள் மட்டும் நகர்வதும், சிறிது நேரத்தில் நடுப்பகுதியும் சேர்ந்து சுற்றுவதும் கண்ணுக்கே தெரியும்.

ஆனால் காற்றின் பிசுக்குமை மிகச் சிறியது. அது மட்டுமே வேலை செய்வதாக எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், நிலத்தின் சுழற்சி ஒரு கிலோமீற்றர் உயரம் வரை பரவுவதற்கு ஏறக்குறைய 2,000 ஆண்டுகள் பிடிக்கும். பத்துக் கிலோமீற்றர் என்றால் அதைப்போல் நூறு மடங்கு, ஏனெனில் நேரம் உயரத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. பூமியின் வயதான 450 கோடி ஆண்டுகளோடு ஒப்பிட்டால் இதுவும் ஒரு கண்ணிமைப்புத்தான் என்பதால் கேள்விக்கு இதுவே போதுமான விடை. எனினும் இயற்கை அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. கொந்தளிப்பு என்ற வேறொரு வழி இருக்கிறது. காற்று சுழிகளாக உடைந்து, கீழுள்ள காற்று பொதி பொதியாக மேலேயும் மேலுள்ளது கீழேயும் இடம் மாறும்போது, உந்தமும் அதனோடு ஏறி இறங்குகிறது. இந்த வழியில் அதே ஒரு கிலோமீற்றரைக் கடக்க ஒரு நாளளவு போதும். அதற்கு மேல் இடிமேகங்கள் நிலத்தோரக் காற்றைப் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் உயரத்துக்குத் தூக்கிச் செல்கின்றன. மலைகள்மீது மோதும் காற்று எழுப்பும் அலைகள் இன்னும் மேலே சென்று உடைந்து, அங்கேயும் உந்தத்தைச் சேர்க்கின்றன. நின்றுபோன வளிமண்டலத்தை மறுபடியும் ஓட வைக்கப் பூமி கொடுக்க வேண்டிய விலையும் அதிகமில்லை. வளிமண்டலத்தின் திணிவு பூமியினுடையதில் பத்து இலட்சத்தில் ஒரு பங்களவே. அதற்குரிய கோண உந்தத்தை வழங்கிய பின் நமது நாள் 0.15 செக்கன் நீண்டிருக்கும், அவ்வளவுதான். இடைப்பட்ட நாட்களில் நிலத்தின்மேல் என்ன மிஞ்சியிருக்கும் என்பது வேறு விடயம்.

கொந்தளிப்பு உள்ளபோதும் இல்லாதபோதும் நிலத்துக்கும் காற்றுக்கும் உள்ள பிடி எப்படி மாறுகிறது என்பதை மலையகத்தார் தை மாதக் காலைகளில் பார்த்திருப்பார்கள். மேகமற்ற இரவில் நிலம் குளிர்ந்து, நுவரெலியாப் பள்ளங்களில் தேயிலைக் கொழுந்து கருகும் அளவுக்கு உறைபனி படியும். அந்தக் காலையில் லயத்து அடுப்புகளின் புகை கூரைக்குச் சற்று மேலே எழும்பி, அதற்கு மேல் ஏற மாட்டாமல், பள்ளத்தின் நெடுகிலும் தட்டையாகப் படர்ந்து கிடக்கும். குளிர்ந்த கனமான காற்று கீழே தங்கிவிட்டதால் சுழிகள் அடங்கிவிட்டன. மேலே ஓடும் காற்று கீழுள்ளதை உணராமல் வழுக்கிக்கொண்டு போகிறது. வெயில் ஏறி நிலம் சூடேறியதும் அந்தப் புகைப்படுகை குலைந்து கிழியும். அதுவரை அசையாதிருந்த சவுக்கு மரங்களின் நுனிகள் ஆடத் தொடங்கும். மேலே ஓடிய காற்றின் உந்தம் கீழே இறங்கிவிட்டது, நிலத்தின் பிடி மேலே ஏறிவிட்டது என்பதே அதன் பொருள்.

இந்தப் பிடி நீண்ட காலத்துக்கு எவ்வளவு உறுதியானது என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. சந்திரனின் ஈர்ப்பால் எழும் கடல் வற்றுப்பெருக்கு பூமியின் சுழற்சியை மெல்ல மெல்லத் தளர்த்தி வருகிறது. ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பவளப் புதைபடிவங்களின் வளர்ச்சி வரிகளை எண்ணிய ஜோன் வெல்ஸ், அக்காலத்தில் ஓர் ஆண்டுக்கு ஏறக்குறைய 400 நாட்கள் இருந்தன என்று 1963 இல் காட்டினார். அதாவது ஒரு நாள் 22 மணித்தியாலங்களை ஒட்டியே இருந்தது. நிலம் அவ்வளவு தளர்ந்த பிறகும் காற்று பழைய கதியிலேயே ஓடிக்கொண்டிருந்தால், இன்று மத்திய கோட்டில் செக்கனுக்கு 40 மீற்றருக்குக் குறையாத ஓயாத மேல்காற்று மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லை. நிலம் தளர்ந்தபோதெல்லாம் காற்றும் உடன் தளர்ந்திருக்கிறது.

இனி, மாணவியின் முதற் கேள்வியிலுள்ள "பின்தங்குதல்" என்ற எண்ணத்துக்குத் திரும்புகிறேன். மலையகத்தில் ஆண்டின் ஒரு பகுதியில் காற்று பின்தங்குகிறது என்பது உண்மைதான். மார்கழி, தை மாதங்களில் வீசும் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சிக் காற்று கிழக்கிலிருந்து வருவது. செக்கனுக்கு 5 மீற்றர் கீழ்க்காற்று என்றால், நிலம் 462 மீற்றர் ஓடும்போது காற்று 457 மீற்றர் ஓடுகிறது என்று பொருள். ஆனால் வைகாசி தொடங்கி புரட்டாதி வரை வீசும் தென்மேல் பருவப்பெயர்ச்சியில் நிலைமை தலைகீழ். அந்தக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே செல்வது, அதாவது பூமியின் சுழற்சித் திசையிலேயே பூமியை முந்திச் செல்வது. ஆடி மாதத்தில் வட்டவளையிலும் கினிகத்தேனையிலும் மழையை எல்லாம் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி, ஈரமற்ற காற்றாகப் பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் இறங்கி வீசும் அந்தக் காற்று, மட்டக்களப்பை அடையும்போது கச்சான் என்று பெயர் பெறுகிறது. ஊவாத் தேயிலையின் மணத்துக்குப் பேர்போன பருவமும் அதுவே. அந்த நாட்களில் ஹப்புத்தளை மலைவிளிம்பில் நின்றால், கீழிருந்து வெள்ளைச் சுவராக எழும் முகில், விளிம்பைத் தாண்டி மறுபக்கம் சரிந்து இறங்கும்போதே கரைந்து மறைவதைக் காணலாம். அம்முகில் நிலத்தைவிடச் செக்கனுக்குப் பத்து மீற்றர் கூடுதலாக ஓடுகிறது என்று வைத்தால், அதன் கதி 472. காலடியில் நிலம் 462. நமது கண்ணுக்குத் தெரிவது அந்தப் பத்து மட்டுமே.

காற்று எப்படி நிலத்தை முந்த முடியும் என்று இங்கே ஒரு நியாயமான ஐயம் எழலாம். காற்று தன் கோண உந்தத்தைக் காத்துக்கொள்ள முனைகிறது என்பதே விடையின் ஒரு பகுதி. மத்திய கோட்டில் நிலத்தோடு ஒத்து ஓடிய காற்று, உராய்வின்றி நமது 7 பாகை அகலக்கோட்டுக்கு வந்து சேர்ந்தால், சுழற்சி அச்சுக்குச் சற்று நெருங்கிவிட்டதால், நிலத்தைவிடச் செக்கனுக்கு 7 மீற்றர் வேகமாகக் கிழக்கே ஓடும். தென்மேல் பருவப்பெயர்ச்சி தென் அரைக்கோளத்திலிருந்து மத்திய கோட்டைக் கடந்து வரும் காற்று என்பதை இங்கே நினைவில் கொள்க. அமுக்க வேறுபாட்டுக்கும் அதில் பெரும் பங்குண்டு என்பதையும் சேர்த்துக் கொள்க. இதே கணக்கை 30 பாகைக்குச் செய்தால் செக்கனுக்கு 134 மீற்றர் வருகிறது. உண்மையில் அங்கே உயரத்தில் ஓடும் மேலைத் தாரைக்காற்று சராசரியாக அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. வழியில் அந்த உந்தத்தில் ஒரு பங்கு வேறு இடங்களுக்குப் பகிரப்பட்டு, கடைசியில் உராய்வின் வழியே நிலத்துக்குத் திரும்பிவிடுகிறது.

இந்தக் கேள்வி புதியது அல்ல. கி.பி. 499 இல் இந்திய வானியலாளர் ஆரியபட்டர், பூமிதான் சுழல்கிறது என்பதற்கு, படகில் முன்னோக்கிச் செல்பவனுக்குக் கரையிலுள்ள அசையாப் பொருள்கள் பின்னோக்கிச் செல்வதாகத் தெரிவதை உவமை காட்டினார். அவ்வாறே இலங்கையிலிருந்து பார்ப்பவருக்கு அசையாத விண்மீன்கள் நேர் மேற்காகச் செல்வதாகத் தெரிகின்றன என்றார். அவர் சொன்ன இலங்கை, வானியலாளர்கள் மத்திய கோட்டின்மீது குறித்துக்கொண்ட ஒரு புள்ளியே தவிர நமது மலைகள் அல்ல. எனினும் அந்த வரியைப் படிக்கும்போது சற்றுப் பெருமை எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது. அவருக்குப் பின்வந்த வராகமிகிரர், பூமி சுழன்றால் பறந்து சென்ற பறவைகள் எப்படித் தம் கூட்டுக்குத் திரும்பும் என்று கேட்டார். லல்லர் இன்னும் கூர்மையாக, மேல்நோக்கி எய்த அம்பு மேற்கே விழ வேண்டும், முகில்கள் மேற்கு நோக்கி மட்டுமே செல்ல வேண்டும் என்று வாதிட்டார். ஏறக்குறைய இதே வாதத்தை அவர்களுக்கு முன்பே கிரேக்க மொழியில் எழுதிய வானியலாளர் தொலமி முன்வைத்திருந்தார். அவர்கள் அறிவிற் குறைந்தவர்கள் அல்லர். காற்றும் சேர்ந்து சுழலக்கூடும் என்பதை எடைபோட்டுப் பார்க்க அவர்களிடம் சடத்துவக் கோட்பாடு இல்லை. காற்றும் பூமியின் சுழற்சியில் பங்குகொள்கிறது என்று 1543 இல் கொப்பர்னிக்கஸ் எழுதியபோதும் அதற்கான இயக்கவியல் பின்னால்தான் வந்தது.

பறவைக்குப் பதிலாக இன்று ஹெலிகொப்டரை வைத்துக் கேட்கிறார்கள். நுவரெலியாவின் குதிரைப் பந்தயத் திடலுக்கு மேலே அந்தரத்தில் நிற்கும் ஹெலிகொப்டரைப் பூமி விட்டுவிட்டு ஓடினால், நான்கு நிமிடத்துக்குள் கொழும்பின் நெடுங்கோடு அதன் கீழே வந்துவிடும். பயணச் செலவு மிச்சம்தான். ஆனால் ஹெலிகொப்டர் தரையில் நின்றபோதே பெற்றிருந்த 462 மீற்றர் கதியை எழும்பும்போது இழப்பதில்லை. அது பற்றி நிற்கும் காற்றும் அதே கதியில்தான் ஓடுகிறது. அம்பைப் பற்றிய லல்லரின் எதிர்பார்ப்புக்கு எதிர்த்திசையில் ஒரு வியப்பும் உண்டு. ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு எனப்படும் இடத்திலுள்ள பாறை விளிம்பு ஏறக்குறைய 870 மீற்றர் ஆழத்துக்கு இறங்குகிறது. காற்றின் தடையையும் சரிவின் நெளிவையும் மறந்துவிட்டு, அவ்வளவு உயரத்திலிருந்து ஒரு கல் விழுவதாகக் கணக்கிட்டால், அது நேர் கீழே விழாமல் ஏறக்குறைய 56 சென்ரிமீற்றர் கிழக்கே தள்ளி விழும். மேற்கே அல்ல. அச்சிலிருந்து கூடுதல் தூரத்திலுள்ள உச்சி, அடிவாரத்தைவிடச் சற்று வேகமாகச் சுழல்வதால், கல் அந்தக் கூடுதல் கதியோடு இறங்குகிறது. பூமி சுழல்வதற்கு இத்தகைய கிழக்கு விலகலே சான்று என்பதால், பின்னாளில் ஐரோப்பாவின் கோபுரங்களிலும் சுரங்கங்களிலும் இதை அளந்து பார்த்தார்கள்.

மூன்றாம் கேள்விக்கு இலங்கை வானமே ஒருமுறை விடை சொல்லியிருக்கிறது. 1883 ஆகஸ்ட் 27 இல் இந்தோனேசியாவின் கிரக்கட்டோவா எரிமலை வெடித்து, அதன் நுண்துகள்கள் இருபது கிலோமீற்றருக்கும் மேலான உயரத்தை எட்டின. செப்டம்பர் மாதத்தில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் தெரிந்தது என்ற பதிவுகள் உள்ளன. உலகின் பல இடங்களிலிருந்து வந்த இத்தகைய குறிப்புகளைத் தேதிவாரியாகக் கோத்தபோது, அந்தத் துகள் மேகம் மேற்கு நோக்கி நகர்ந்து, மத்திய கோட்டை ஒட்டி ஏறக்குறைய 13 நாட்களில் உலகைச் சுற்றிவந்தது தெரிந்தது. அது செக்கனுக்கு 36 மீற்றர் கீழ்க்காற்று. அந்த உயரத்துக் காற்று பூமியோடு சுழலவே இல்லையென்றால் துகள் மேகம் 13 நாட்களில் அல்ல, ஒரே நாளில் உலகைச் சுற்றியிருக்க வேண்டும். அப்படியானால் அங்கேயுள்ள காற்றும் நிலத்தின் சுழற்சியில் தொண்ணூறு வீதத்துக்கும் மேல் பங்குகொண்டிருந்தது. அந்த உயரத்தில் மத்திய கோட்டுக் காற்று சராசரியாக 28 மாதங்களுக்கு ஒருமுறை கீழ்க்காற்றும் மேல்காற்றுமாக மாறி மாறி வீசுகிறது என்பது பின்னாளில் தெரியவந்தது. 1883 இல் வாய்த்தது கீழ்க்காற்றுப் பருவம்.

இன்னும் மேலே போனாலும் பிடி விடுவதில்லை. 1960களில் பிரித்தானியாவின் டெஸ்மண்ட் கிங்-ஹீலி, செயற்கைக்கோள்களின் பாதைச் சாய்வு சிறிது சிறிதாக மாறுவதை ஆராய்ந்து, இருநூறு முந்நூறு கிலோமீற்றர் உயரத்திலுள்ள அருகிய காற்றும் பூமியோடு சுழல்கிறது, சராசரியாகப் பார்த்தால் பூமியைவிடச் சற்று வேகமாகவே சுழல்கிறது என்ற முடிவுக்கு வந்தார். ஐந்நூறு அறுநூறு கிலோமீற்றருக்கு மேல் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுவதே அரிதாகிவிடுவதால், காற்று என்ற சொல்லே அங்கே பொருந்தாமல் போகிறது. ஒவ்வொரு மூலக்கூறும் எறிந்த கல்லைப்போல் தன்பாட்டில் எழுந்து விழுகிறது. ஆனால் மின்னேற்றம் பெற்ற துணிக்கைகளைப் பூமியின் காந்தப்புலம் பற்றிக்கொள்வதால், அமைதியான நாட்களில் பூமியின் ஆரையைப்போல் நான்கு மடங்கு தூரம் வரை அவை பூமியோடு சேர்ந்து சுழல்கின்றன. ஆகவே "இந்த உயரத்தோடு முடிந்தது" என்று கோடு கிழிக்க முடியாது. சர்வதேச விண்வெளி நிலையம் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுவதைக் காட்டி இதை மறுப்பவர்கள் உண்டு. அது காற்றால் தாங்கப்படும் பொருள் அல்ல, தன் கதியால் வீழாதிருக்கும் பொருள் என்பதால் அந்த உதாரணம் இங்கே சேராது.

பிடி என்பது ஒருபக்கச் செயல் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நிலம் காற்றைப் பிடிக்கும்போது காற்றும் நிலத்தைப் பிடிக்கிறது. வெப்பவலயத்தில் வியாபாரக் காற்றுகள் கிழக்கிலிருந்து வீசி நிலத்தின் சுழற்சியைத் தளர்த்துகின்றன. இடை அகலக்கோடுகளில் மேலைக் காற்றுகள் அதை முடுக்குகின்றன. இரண்டும் ஈடாகவில்லை என்றால் பூமி ஓயாமல் தளர்ந்துகொண்டோ முடுகிக்கொண்டோ இருக்க வேண்டும் என்பதை ஜோர்ஜ் ஹாட்லி 1735 இலேயே கண்டு எழுதினார். இந்த உந்தக் கைமாற்றம் நிலத்தோடுள்ள உராய்வால் மட்டும் நிகழ்வதில்லை; மலைத்தொடரின் ஒரு பக்கத்தில் அமுக்கம் கூடியும் மறுபக்கத்தில் குறைந்தும் இருக்கும்போது, காற்று மலையை நெம்பித் தள்ளுகிறது. அந்தீசு, ரொக்கி, இமயம் போன்ற தொடர்களில் இது அளக்கத்தக்க அளவு பெரிது. தென்மேல் பருவப்பெயர்ச்சி மோதும்போது நமது மத்திய மலைநாட்டுக்கும் தன் அளவில் அந்தத் தள்ளல் உண்டு. ஈடு சரியாக நிற்பது நீண்ட காலச் சராசரியில்தான்; மாதத்துக்கு மாதம் கணக்கு ஏறி இறங்குகிறது. வட அரைக்கோளத்துக் குளிர்காலத்தில் மேலைக் காற்றுகள் வலுக்கும்போது பூமியின் கோண உந்தத்தில் ஒரு துளி காற்றுக்குப் போய்விடுவதால் நாள் சற்று நீள்கிறது. ஆடி, ஆவணியில் அது திரும்பி வருவதால் நாள் சுருங்குகிறது. வேறுபாடு ஒரு மில்லிசெக்கன் அளவிலானது. அணுக் கடிகாரங்களும் வானொலித் தொலைநோக்கிகளும் அதைத் தவறாமல் பதிவு செய்கின்றன. பசிபிக் கடல் வழமையைவிடச் சூடேறிய 1982–83 எல் நினோவின்போது நாள் நீண்டதும் அவ்வாறு பதிவாயிற்று.

மாணவி எதிர்பார்த்தது போன்ற, நிலமும் காற்றும் வெவ்வேறு கதியில் சுழலும் ஓர் உலகம் உண்மையிலேயே இருக்கிறது, அது வெள்ளி. அது 243 நாட்களுக்கு ஒருமுறை மிக மெதுவாக, பூமிக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. அதன் மத்திய கோட்டில் நிலத்தின் கதி செக்கனுக்கு 1.8 மீற்றர், மலைப்பாதையில் பழகிய ஒருவர் எட்டி நடந்தால் அதற்கு ஈடு கொடுத்துவிடுவார். ஆனால் அதன் மேகங்களின் மேற்பரப்பு செக்கனுக்கு ஏறக்குறைய 100 மீற்றர் ஓடி, நான்கே நாட்களில் கோளைச் சுற்றிவிடுகிறது. அங்கே காற்று பின்தங்கவில்லை, நிலத்தை அறுபது மடங்கு முந்துகிறது. உராய்வு அங்கே செயலிழந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். சோவியத்தின் வெனேரா கலங்கள் தரையில் அளந்த காற்று செக்கனுக்கு ஒரு மீற்றரை ஒட்டியதே. அடித்தளக் காற்று அங்கேயும் நிலத்தோடுதான் போகிறது. மேலே, சூரியன் மேகங்களைச் சூடாக்குவதால் எழும் வெப்ப அலைகள் மத்திய கோட்டுப் பகுதிக்கு ஓயாமல் கோண உந்தத்தைச் சேர்க்கின்றன என்பதை ஜப்பானின் அக்கட்சுக்கி விண்கலத்தின் தரவுகள் 2020 இல் காட்டின. உராய்வு குறைக்கும் வேகத்தைவிட அது சேர்க்கும் வேகம் கூடும்போது, மிச்சம் பெரிதாகிவிடுகிறது. வியாழன், சனி போன்றவற்றுக்கோ உராய்வதற்கு நிலமே இல்லை. எனினும் வியாழனின் பட்டைக் காற்றுகள் ஏறக்குறைய 3,000 கிலோமீற்றர் ஆழத்தோடு அடங்கி, அதற்குக் கீழே கோள் ஒரே உடலாகச் சுழல்கிறது என்று யூனோ கலம் 2018 இல் காட்டியது.

ஹெலிகொப்டர் சோதனைக்கு நிகரான ஒன்றை வெள்ளியில் செய்தும் பார்த்தாயிற்று. 1985 யூன் மாதத்தில் சோவியத்தின் வேகா கலங்கள் இரண்டு பலூன்களை அதன் மேகங்களுக்குள், தரையிலிருந்து 54 கிலோமீற்றர் உயரத்தில் மிதக்கவிட்டன. அவற்றுக்கு எஞ்சின் எதுவும் கிடையாது. காற்றோடு காற்றாக மிதந்த அவை, சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருந்த 46 மணித்தியாலங்களில் ஒவ்வொன்றும் 11,000 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்திருந்தன. கீழே நிலம் அந்த நேரத்தில் முந்நூறு கிலோமீற்றர் அளவே நகர்ந்திருந்தது. அவ்வளவு கனமான வளிமண்டலம், தரையில் பூமியினுடையதைப்போல் தொண்ணூறு மடங்குக்கும் மேலான அமுக்கத்தோடு நிலத்தை மாறி மாறிப் பிடிப்பதும் விடுவதுமாக இருப்பதால், வெள்ளியின் சுழற்சிக் காலமும் நிலையாக இருப்பதில்லை. பூமியில் மில்லிசெக்கனில் நடக்கும் அந்த ஏற்றத்தாழ்வு, 2021 இல் வெளியான ராடார் அளவீடுகளின்படி, அங்கே 20 நிமிடம் வரை போகிறது.